அஞ்சு அடி நாலு அங்குலம்

ஆகஸ்ட் 11, திங்கள்

சாத்தூர்ல இருந்து போன் வந்துருச்சு. வர்ற 24, ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். அம்மா போனை வச்ச கையோட விளக்கேத்தப் போயிட்டா. அப்பா ஈஸிசேரை விட்டு எழுந்திருக்கலை, "நல்லது"ன்னு மட்டும் சொன்னாரு. அக்கா வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கிட்டு இருந்தா. சீப்பை நிறுத்தாமலே "சரி"ன்னா. பால் பாக்கெட் வந்துருச்சுன்னு சொன்னாக்கூட இதைவிடச் சந்தோஷமா சரி சொல்லுவா.

என் அக்கா செண்பகவல்லிக்கு முப்பத்து மூணு வயசு. ஆஸ்பத்திரி ரோட்டுல ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. கோவில்பட்டியில பாதிக் குழந்தைங்க இவகிட்டதான் கையை நீட்டும், இவ குத்தினா வலிக்காதாம். மாப்பிள்ளைக்கு நாப்பத்தேழு. முதல் சம்சாரம் தவறிட்டாங்க. பையன் பிளஸ் டூ. அவரோட அம்மா படுத்த படுக்கை. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அந்த மனுஷன் என் அக்காகிட்ட கேட்ட முதல் கேள்வி, "இன்சுலின் போடத் தெரியுமா?" தெரியும்னு சொன்னா. அப்போ அவர் முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க! ஆள் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். ஆனா அவர் தேடுறது பொண்டாட்டியை இல்லை, நர்ஸை. கல்யாணத்துக்கு அப்புறம் இவ வேலையை விட்டுட்டு அந்த அம்மாவைப் பார்த்துக்கணுமாம்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா பிடிச்சுக்கிட்டா. "ஏட்டி, பூச்சரத்துல பதிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. ஒருத்தன் எட்டிப் பார்த்தானா? இவராவது தெரிஞ்சவங்க மூலமா வந்தாரேன்னு கும்பிடு போடு."

பூச்சரம்ங்கிறது எங்க ஊர்த் திருமணத் தகவல் மையம். வீட்டுல இருந்தே வெப்சைட்டுல பதியலாம். பொருத்தமான இடம் இருந்தா ஆபீஸ்ல இருந்தே ரெண்டு வீட்டுக்கும் போன் பண்ணுவாங்க. எங்க தெருவுலயே அவங்க மூலமா கல்யாணம் நடந்திருக்கு. எங்க வீட்டுக்குத்தான் ஒரு போன்கூட வரலை. அப்பா விசாரிச்சப்ப எல்லாம் "பதிவு இருக்கு சார், பொருந்தி வந்தா கூப்பிடுவோம்"னாங்க. அம்மா செவ்வாய் தோஷம்னா. பெரியம்மா நிறம்னா. அக்கா செவ்வாய்க்கிழமை விரதம் இருக்க ஆரம்பிச்சா.

சாயங்காலம் மதுரைக்கு ஒரு போன் பேசினேன். வேலை விஷயம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அதிசயத்தைப் பாருங்க, அதே பூச்சரத்துல இருந்து எனக்கு வேலை வந்திருக்கு. வெப்சைட் எழுதுறதும் சரி பார்க்கிறதும்தானே என் பொழப்பு. உரிமையாளர் தங்கப்பழம் அண்ணாச்சியே கூப்பிட்டாரு. "தாயி, பக்கத்து ஊர்ல ஒரு ஜவுளிக்கடை வெப்சைட்டை எவனோ உடைச்சு உள்ள பூந்துட்டானாம். நம்மகிட்ட இருக்கிறது பூராவும் வயசுப் பிள்ளைங்க விவரம். உள்ள வந்து ஒரு பார்வை பார்த்துரு."

அவர் ஆபீஸுக்குப் போனா கல்யாண மண்டபத்துக்குப் போன மாதிரி இருக்கு. சந்தனம், பன்னீர், எந்நேரமும் நாதஸ்வரம். அங்க யாரும் "இல்லை"ன்னு சொல்லக் கூடாது. "பார்ப்போம்"னுதான் சொல்லணும். கணக்கை முடிச்சுக் கம்ப்யூட்டரை அணைக்கிறப்பகூட "ஆஃப் பண்ணு"ன்னு சொல்ல மாட்டாராம், "ஓய்வு கொடு"ன்னுதானாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

வெப்சைட்டை எழுதினது அண்ணாச்சியோட மருமகன் முறை பையன், ராஜதுரை. இப்போ கனடாவுல இருக்கான்.

"எங்க அக்கா பதிவும் உங்ககிட்டதான் அண்ணாச்சி இருக்கு"ன்னேன்.

"தெரியாதா தாயி? நல்ல இடமாப் பார்க்கணும்னுதான் பொறுத்திருக்கேன்."

வேற இடத்துல முடிஞ்சுருச்சுன்னு சொன்னேன். மனுஷனுக்கு முகம் பூரா சந்தோஷம். எந்திரிச்சு வந்து என் நெத்தியில குங்குமம் வச்சு விட்டாரு. திட்டணும்னு போனவ, பாவமா இருந்துச்சுன்னு பேசாம வந்துட்டேன்.

அக்கா இன்னிக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாம வேலைக்குப் போயிட்டு வந்தா.

ஆகஸ்ட் 13, புதன்

ராஜதுரை எழுதின புரோகிராமைத் திறந்து பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டேன்.

கோபம் தீர எழுதிக்கிறேன். ஒருத்தர் பதிஞ்சா, "இந்தப் பேர், இந்த உயரம், இந்த ஊர், இதையெல்லாம் உள்ளே சேர்"னு டேட்டாபேஸுக்கு ஒரு கட்டளை போகணும். இந்த ராஜதுரை என்ன பண்ணியிருக்கான்னா, ஜனங்க டைப் அடிச்சதை அப்படியே அள்ளி, கட்டளைக்கு நடுவுல ஒட்டி, ஒரே வாக்கியமா அனுப்பியிருக்கான். இது வரைக்கும் கட்டளை, இது ஜனங்க எழுதினதுன்னு பிரிச்சுக் காட்டுறது வெறும் ஒத்தை மேற்கோள் குறி. ஒரு களவாணிப்பய அந்தக் குறியைத் தானே அடிச்சு, அதுக்குப் பின்னாடி தன் கட்டளையை எழுதினான்னு வைங்க, டேட்டாபேஸுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாப் பொண்ணுங்க போன் நம்பரையும் கொடுன்னா, சமத்தா எடுத்துக் கொடுத்துரும்.

இதுக்கு மருந்து ஒண்ணும் புதுசில்லை. ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட். முதல்ல கட்டளையை மட்டும் தனியா அனுப்பணும், விவரம் வர வேண்டிய இடத்துல எல்லாம் கேள்விக்குறி போட்டு. டேட்டாபேஸ் அதைப் படிச்சுப் புரிஞ்சு வச்சுக்கும். விவரம் அதுக்குப் பின்னாடி தனியா போகும். இலையை முதல்ல போட்டுட்டு அப்புறம் பரிமாறுற மாதிரி. என்னத்தைப் பரிமாறினாலும் இலை இலையாத்தான் இருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் மாசத்துலயே சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது!

தையல் கடையில ஜாக்கெட் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தரேன்னான். தர மாட்டான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாத்துறதுக்கு முன்னாடி பழசு எப்படி ஓடுதுன்னு பார்க்கணும்ல? வெப்சைட்டோட நகல் ஒண்ணை என் லேப்டாப்ல ஏத்தினேன். சோதிக்க ஒரு ஆள் விவரம் வேணும். கைக்கு வந்தது அக்கா விவரம்தான். உயரத்துக்கு 5.4ன்னு அடிச்சேன்.

பின்னாடி காபி டம்ளரோட நின்ன அப்பா சிலிர்த்துக்கிட்டாரு. பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆனவர், அளவுன்னு வந்துட்டா விட மாட்டாரு. "என்னத்தா அடிக்கிறே? 5.4னா அஞ்சு அடி நாலே முக்கால் அங்குலத்துக்கும் மேல போயிரும். செண்பகம் அஞ்சு அடி நாலு அங்குலம். பிளான்ல எப்படிப் போடுவோம்? அடிக்கு ஒரு கோடு, அங்குலத்துக்கு ரெண்டு கோடு. ஒழுங்காப் போடு."

"நீங்க பதிஞ்சப்பவும் இப்படித்தான் போட்டீங்களா?"

"பின்னே? பிரவுசிங் சென்டர்ல நானே உக்காந்து அடிச்சேன். பிள்ளை விவரத்தைத் தப்பாப் போடலாமா?"

சரி ஐயா, உங்க இஷ்டம்னு 5'4" அடிச்சேன். அழுத்தினேன். மஞ்சள் கலர்ல ரெண்டு குத்துவிளக்கு வந்து நின்னுச்சு. நடுவுல "பதிவு இனிதே ஏற்கப்பட்டது. நல்ல வரன் அமைய வாழ்த்துகள்!" அப்பா, "இதேதான், அன்னிக்கும் இதேதான் வந்துச்சு"ன்னு சிரிச்சாரு.

பதிவெல்லாம் வந்து சேர்ற டேபிளைத் திறந்து பார்த்தேன். புதுசா ஒரு வரியும் இல்லை. நான்தான் எங்கேயோ தப்பான இடத்துல பார்க்கிறேன் போல. மதியச் சாப்பாடு கண்ணைச் சொக்குச்சு. நாளைக்குப் பார்த்துக்கலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நேத்து விட்ட இடத்துல இருந்து மறுபடியும் பார்த்தேன்.

நான் தப்பான இடத்துல பார்க்கலை. 5.4ன்னு அடிச்சா உள்ள போகுது. 162 செ.மீ.ன்னா போகுது. அஞ்சரை அடின்னு எழுத்துல அடிச்சாலும் போகுது. 5'4"ன்னு அடிச்சா போகலை. அடிக்கு அப்பா போடுற அந்த ஒத்தைக் கோடும், விவரம் முடிஞ்சதுன்னு கட்டளை சொல்ற மேற்கோள் குறியும் கீபோர்டுல ஒரே பொத்தான். டேட்டாபேஸ் 5 வரைக்கும் படிக்குது, கோட்டைப் பார்த்ததும் உயரம் முடிஞ்சதுன்னு நினைச்சுக்குது. அடுத்து நிக்கிற 4 என்னன்னு புரியலை. புரியாததால பேர், ஊர், படிப்புன்னு மொத்தத்தையும் தூக்கிக் கீழே போட்டுருது. போட்டுட்டு வாழ்த்துச் சொல்லுது!

அப்புறம்தான் எனக்கு மண்டையில உறைச்சுது. பூச்சரத்தோட நிஜ டேபிளைத் திறந்து அக்கா பேரைத் தேடினேன். செண்பகவல்லி. இல்லை. அப்பா பேரைப் போட்டேன். இல்லை. எங்க போன் நம்பரைப் போட்டேன். இல்லை.

இல்லைன்னா இல்லவே இல்லை. ஒரு நாள்கூட அங்க இருந்ததில்லை. "பதிவு இருக்கு சார்"னு அப்பாகிட்ட சொன்னவங்க தேடிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க, அங்கதான் "இல்லை"ன்னே சொல்லக் கூடாதே.

தோத்துப்போன கட்டளைங்களை எல்லாம் ராஜதுரை ஒரு பைல்ல ஒதுக்கி வச்சிருக்கான். திறந்தேன். இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்கு. எல்லாம் பொண்ணுங்க, பையனுங்க. எல்லார் உயரத்துலயும் அந்தக் கோடு. நடுவுல எங்க அப்பா அடிச்சது. "இதர விவரம்"ங்கிற இடத்துல எழுதியிருக்காரு: "ஊசி போட்டால் குழந்தைகள் அழ மாட்டார்கள்." மத்தவங்க எல்லாம் சொத்து, நகைன்னு எழுதுற இடம் அது.

கடவுளே! தோஷமும் இல்லை, நிறமும் இல்லை. ஒருத்தரும் வராததுக்குக் காரணம் ஒரு கோடு.

வெளியே பள்ளிக்கூடத்துல கொடியேத்தி முட்டாய் கொடுக்கிறாங்க, ஒரே சத்தம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டா. பசிக்கலைன்னுட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

துணி துவைச்சேன். மோட்டார் ரூம் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். எதுவும் எழுத ஓடலை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நிச்சயத்துக்குப் புடவை எடுக்க அம்மாவும் அக்காவும் போனாங்க. நான் தலைவலின்னு வீட்டுல இருந்துக்கிட்டு ராஜதுரையைப் பிடிச்சேன். வாட்ஸ்அப்ல தூக்கக் கலக்கத்தோட வந்தான்.

"ஏன்டா, பதிவாகலைன்னா ஆகலைன்னு சொல்ல மாட்டியா? எதுக்குடா வாழ்த்துச் சொல்றே?"

"அக்கா, ஆரம்பத்துல எரர் காட்டத்தான் செஞ்சேன். சிவப்பு எழுத்துல. ஒரு அம்மா முதல் முதலாப் பொண்ணு பேரைப் பதியறப்போ சிவப்பா வந்துருச்சு. ஆபீஸுக்கே வந்து ஒரே அழுகை, எடுத்த எடுப்புலயே அபசகுனமான்னு. மாமா என்னைக் கூப்பிட்டு, எது நடந்தாலும் சரி, கடைசியில வாழ்த்துதான் வரணும், சிவப்பே கூடாதுன்னுட்டாரு. அதான் எரரை ஒரு பைல்ல போட்டுட்டு வாழ்த்தைக் காட்ட வச்சேன். பின்னாடி பார்த்துச் சரி பண்ணிக்கலாம்னு."

"யாருடா பார்க்கிறதா இருந்துச்சு?"

"நான்தான்க்கா. அதுக்குள்ள விசா வந்துருச்சு."

நான் என்ன திட்டினேன்னு இங்க எழுத முடியாது.

அக்கா வந்து புடவையைக் காட்டினா. மாம்பழக் கலர். "நல்லா இருக்கா?"ன்னா. ரொம்ப நல்லா இருக்குன்னேன். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அம்மா பக்கத்துல இருந்தா, சொல்லலை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே புரோகிராமைச் சரி பண்ணிட்டேன். கட்டளை தனி, விவரம் தனி. கேள்விக்குறி போட்ட இடத்துல உயரமும் பேரும் தனித்தனியாப் போய் உக்காருது. வேணும்னே கோடு கோடாப் போட்டு அடிச்சுப் பார்த்தேன், அப்படியே எழுத்தா உள்ள போய் நிக்குது. பதியலைன்னா பதியலைன்னு சொல்லும்படியும் மாத்தினேன். சிவப்பு வேண்டாம்னா நீலத்துல வரட்டும். அரை நாள் வேலை. வெறும் அரை நாள் வேலை!

அண்ணாச்சிகிட்ட போய்ச் சொன்னேன். முதல்ல அவருக்குப் புரியலை. பைலைத் திறந்து காட்டினேன். பேரு பேரா வாசிச்சாரு. "இந்தப் பிள்ளையோட தகப்பன் வாரா வாரம் போன் பண்ணுவாரே. இந்தா, இது நம்ம மளிகைக்கடைக்காரர் மக..." வாசிக்க வாசிக்க முகம் சாம்பல் பூத்துப் போச்சு. நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னாரு.

"நான் வாழ்த்துதானே தாயி சொல்லச் சொன்னேன். வேற என்ன செஞ்சேன்?"

அப்புறம் அவரே தெளிஞ்சுக்கிட்டாரு. "வெளிய தெரிஞ்சா ஆபீஸைக் கொளுத்திருவாங்க. சத்தமில்லாம எல்லாரையும் உள்ள சேர்த்துரு. இனிமே போன் போக ஆரம்பிச்சுரும். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"மூணு வருஷம் காத்திருந்தவங்களுக்கு ஒண்ணுமே சொல்ல வேண்டாமா?"

"உன் அக்காவுக்குத்தான் இடம் அமைஞ்சுருச்சே தாயி. நீ ஏன் இதைக் கிளறுதே?"

சுரீர்னு இருந்துச்சு. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன். யோசிக்க என்ன இருக்கு? எனக்கே தெரியலை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதுரைக்குப் போன் பேசினேன். நல்லசிவம்கூட. அவனும் என்னை மாதிரி வெப்சைட் வேலைதான், அதனால பேச வேண்டியிருக்கு. அவன் வீட்டுல தை மாசம்னு பேசிக்கிட்டு இருக்காங்களாம். அது எதுக்கு இங்க? விஷயம் இதுதான்: எல்லாத்தையும் அவன்கிட்ட சொன்னேன். "ஐயோ"ன்னான். அப்புறம், "இப்பவே சொல்லணுமா பூரணி? உங்கக்கா நிச்சயம் முடியட்டுமே. அக்கா தாண்டினாத்தானே நம்ம பேச்சை எடுக்க முடியும்"னான். போனை வச்சுட்டேன். அவன் மேல கோபம். நான் நினைச்சதையே அவன் சொன்னதால இருக்கலாம், அதெல்லாம் இல்லை, சும்மா கோபம்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு வேற. இந்த நேரத்துல போய்ச் சொன்னா யாருக்கு லாபம்? அக்காவும் மனசைத் தேத்திக்கிட்டா. ரெண்டு மூணு நாளைக்கு அப்புறம் சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை. அக்கா விரதம். மதியம் லேப்ல தலை சுத்தி உக்காந்துட்டாளாம், கூட வேலை பார்க்கிற பிள்ளை போன் பண்ணிச் சொல்லுச்சு. சாயங்காலம் வந்து ரெண்டு வாழைப்பழத்தை மட்டும் தின்னுட்டுப் படுத்துட்டா.

நான் அவ காலடியில உக்காந்திருந்தேன். சொல்லலை.

ஆகஸ்ட் 20, புதன்

சொல்லிட்டேன்.

மதியம் லேப்புக்கே போயிட்டேன். அக்கா எலுமிச்சம்பழச் சாதத்தைத் திறந்து வச்சிருந்தா. லேப்டாப்பை மேஜையில வச்சுப் படபடன்னு கொட்டினேன். "மெதுவாச் சொல்லு, ஒண்ணும் விளங்கலை"ன்னா. திரும்ப முதல்ல இருந்து சொன்னேன். கோடு, கட்டளை, வாழ்த்து எல்லாம். பைல்ல அவ வரியைக் காட்டினேன். ரத்தம் எடுக்கிறப்ப நரம்பைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சு பார்த்தா.

"அப்போ என் போட்டோவை யாருமே பார்க்கலையா?"

"இல்லைக்கா."

"பார்த்துட்டு வேண்டாம்னு யாரும் சொல்லலை?"

"பார்த்திருந்தாத்தானே சொல்லுவாங்க."

டிபன் பாக்ஸை மூடினா. மூடி சரியா உக்காரலை, அழுத்தி அழுத்திப் பார்த்தா. நான் வாங்கி மூடி வச்சேன்.

"தினம் கண்ணாடி பார்க்கிறப்ப எல்லாம் தேடுவேன்டி," அப்படின்னா. "எது அவங்களுக்குப் பிடிக்கலைன்னு. ஒரு நாள் மூக்குன்னு தோணும். ஒரு நாள் கழுத்துன்னு தோணும். பெரியம்மா மக கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டீங்களே, வர்றவன் போறவன் எல்லாம் என்னை ஏற்கெனவே போட்டோவுல பார்த்து வேண்டாம்னு சொன்னவனா இருப்பானோன்னு இருந்துச்சு. பஸ்லகூட அப்படித்தான் நினைப்பேன். இந்த ஆள் பார்த்திருப்பானோ, அந்த ஆள் பார்த்திருப்பானோன்னு."

நான் அழுதுட்டேன். அவ அழலை. அவளுக்கு அழுகை வர்ற மாதிரியே தெரியலை, திகைச்சுப் போய் இருந்தா. அப்புறம் திடீர்னு என்னைத் திரும்பிப் பார்த்தா.

"உனக்கு எப்போ தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்குப் புதன்."

நல்லசிவத்தைச் சொல்லிட்டேன். தை மாசத்தைச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இதை இங்க எழுதறப்பவே முகம் சுடுது.

"நேத்து நான் பட்டினி கெடந்தேன் பூரணி," அப்படின்னா. சத்தம் போடலை, திட்டலை. "உனக்குத் தெரிஞ்சும் நேத்து நான் பட்டினி கெடந்தேன்."

வெளியே ஒரு குழந்தையைக் கூட்டிட்டு ஒரு அம்மா வந்து நின்னாங்க. அக்கா எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுப் போய் ரத்தம் எடுத்தா. அது அழலை. நான் அந்த இடத்துலயே செத்துப் போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அப்பாகிட்ட அக்காவே சொன்னா. நான் பக்கத்துல நின்னேன்.

அப்பா முழுசும் கேட்டாரு. "கோடு போட்டது தப்பா?"

"நீங்க சரியாத்தான்ப்பா போட்டீங்க. வாங்கிக்கத் தெரியாதவன் எழுதி வச்சிருக்கான்"னேன்.

"இல்லைத்தா. பக்கத்துல இருந்த பையன் சொன்னான், பாயின்ட் நாலுன்னு போடுங்க சார் போதும்னு. நாந்தான், அது தப்பு, என் பிள்ளை உயரத்தைக் கூட்டிச் சொல்ல மாட்டேன்னு..." அழுதுட்டாரு. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. அக்கா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

அம்மாதான் முதல்ல தேறினா. "சரி, போனது போச்சு. ஞாயித்துக்கிழமை நல்லபடியா முடியட்டும்."

அக்கா போனை எடுத்தா. சாத்தூருக்குத்தான். அந்தப் போன்ல எதிராளி பேசுறது ரூம் பூராவும் கேட்கும்.

"நான் செண்பகவல்லி பேசுறேங்க. மன்னிச்சுக்கோங்க, இந்தக் கல்யாணம் வேண்டாங்க."

"வேற நல்ல இடம் வந்துருச்சாம்மா?"

"இல்லைங்க. யாரும் வரலை."

"பிறகு ஏம்மா?"

"யாரும் வரலைங்கிற ஒரே காரணத்துக்காகத்தான் உங்களுக்குச் சரி சொன்னேன். அது உங்களுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை."

அப்புறம், "அம்மாவுக்கு ஊசி..."ன்னு இழுத்தாரு. நிஜமாவே திக்குத் தெரியாம கேட்டாரு.

"சாத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. வீட்டுக்கே வந்து போடுவாங்க. நம்பர் அனுப்புறேன். உங்க பையனுக்கும் போடச் சொல்லிக் கொடுப்பாங்க, கஷ்டமில்லை."

அம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. "வந்ததையும் கெடுத்துக்கிட்டியே பாவி!" அக்கா அம்மாவுக்கு மாத்திரையும் தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தா.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அக்காவும் என்கூட அண்ணாச்சியைப் பார்க்க வந்தா. அவ உள்ள வந்ததும் அவர் எந்திரிச்சுட்டாரு. யாருன்னு நான் சொல்லவே இல்லை.

"சத்தமில்லாம உள்ள சேர்த்துட்டா நாளைக்கே போன் வரும் அண்ணாச்சி," அப்படின்னா அக்கா. "ஆனா இந்த மூணு வருஷமும் ஏன் வரலைன்னு அவங்க காரணம் தேடிக்கிட்டேதான் இருப்பாங்க. கடைசி வரைக்கும் தேடுவாங்க. அதைச் சொல்லியாகணும்."

"என்னை அடிக்க வருவாங்க தாயி."

"நாலு பேர் திட்டுவாங்க. கேட்டுக்கோங்க."

அண்ணாச்சி ரொம்ப நேரம் கையைப் பிசைஞ்சாரு. அப்புறம், "ஞாயித்துக்கிழமை ஆபீஸை உங்களுக்குத் திறந்து விடுதேன். முதல் போன் நான் பண்ணுதேன்"னாரு. பெரிய மனசுதான். நான் எதிர்பார்க்கவே இல்லை.

பைல்ல இருந்த ஒவ்வொரு வரியையும் புதுப் புரோகிராம் வழியா உள்ள சேர்த்தேன். அந்தக் கோட்டோடவே, ஒண்ணுகூடக் கீழே விழலை. அக்கா வரி வந்தப்போ அவளைப் பார்த்தேன். "சேர்க்கவா?"

"என்னை இப்போ விடு. மத்தவங்களைச் சேரு. எனக்குக் கல்யாணம் வேணுமான்னு நானே இன்னும் யோசிக்கலை. இவ்வளவு நாளா வேணுமா வேண்டாமான்னு என்னை யாரு கேட்டா?" அப்புறம், "உன் நல்லசிவத்தை ஒரு நாள் வரச் சொல்லு. பேரைக் கேட்டா அறுபது வயசு மாதிரி இருக்கு"ன்னா. என்மேல கோபம் போகலை, எனக்குத் தெரியுது. ஆனாலும் சொன்னா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நிச்சயதார்த்தம் நடக்க வேண்டிய நாள். அம்மா கதவைச் சாத்திக்கிட்டா. நாங்க ரெண்டு பேரும் பூச்சரத்துக்குப் போனோம்.

அண்ணாச்சி சொன்னபடி முதல் போன் பண்ணினாரு. மளிகைக்கடைக்காரருக்கு. அவர் கத்தின கத்தல் எங்க வரைக்கும் கேட்டுச்சு. அண்ணாச்சி, "ஆமா, என் தப்புதான், ஆமா"ன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. வச்சதும் வேர்த்துக் கொட்டிருச்சு.

நான் அடுத்தடுத்துப் பண்ணினேன். ஒரு வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிருச்சு, சந்தோஷமா இருக்கா, இதை அவகிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. ஒரு பையன் விழுந்து விழுந்து சிரிச்சான், "எங்க அம்மா பழனிக்கு மூணு தடவை நடந்துச்சுங்க, ஒரு கோட்டுக்கா!"ன்னான். சிரிச்சு முடிச்சதும் போனை வச்சுட்டான். ஒருத்தர் போலீஸுக்குப் போவேன்னாரு. போங்க ஐயான்னேன்.

எட்டயபுரத்துல ஒரு பெரியவர் எடுத்தாரு. மக பேரு உலகேஸ்வரி. சொன்னேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ம், ம்னு கேட்டுக்கிட்டாரு. அப்புறம், "இதை அவகிட்ட நீங்களே சொல்லிருங்கம்மா. நான் சொன்னா, அப்பா என்னைத் தேத்துறதுக்காகக் கதை விடுறாருன்னு நினைப்பா. கொடுக்கேன், இருங்க"ன்னாரு.

அந்தப் பொண்ணு லைன்ல வந்து "யாரு?"ன்னா. நான் "அது வந்து..."ன்னு இழுத்தேன். அக்கா என் கையில இருந்து போனை வாங்கினா.

"உலகேஸ்வரிதானே? உங்களை யாரும் வேண்டாம்னு சொல்லலைம்மா. உங்க பேர் யாருக்கும் போய்ச் சேரவே இல்லை."

அந்தப் பக்கம் அவ என்ன கேட்டாளோ, எனக்குக் கேட்கலை.

"ஆமா. ஒருத்தர்கூட. நிஜமாத்தான்."

மறுபடியும் அவ ஏதோ கேட்டா.

"இல்லை, நான் இந்த ஆபீஸ்ல வேலை பார்க்கலை," அப்படின்னா அக்கா. "நானும் உங்களை மாதிரி உள்ளே போகாதவதான்."

அதைச் சொன்னதும் அக்கா உடைஞ்சு அழுதா. வாயைப் பொத்திக்காம, ஆபீஸ்னுகூடப் பார்க்காம அழுதா. போன்ல அந்தப் பொண்ணும் அழுதா, அது எனக்கே கேட்டுச்சு. அண்ணாச்சி எழுந்து வெளியே போயிட்டாரு. முகம் தெரியாத ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அப்படியே இருந்தாங்க. ரெண்டு பேருமே போனை வைக்கலை.